மச்சானின் இடது கை

காலை ஐந்து நாற்பதுக்கு முன்கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டவை, காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் எரிந்த மூன்று நீல விளக்குகள். மூன்றும் சிமிட்டாமல் எரிந்தால் பற்றரி நிறைந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகுதான் மச்சானைக் கண்டேன். வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு சாரதி ஆசனத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். காதுக்குக் கீழே கொஞ்சம் சவர நுரை துடைபடாமல் இருந்தது. சார்ஜ் வயர் இன்னும் காரின் மூக்கில் செருகியபடியே இருந்தது. எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு அப்படித்தான்: வயர் எனக்கு, ஸ்ரியரிங் அவருக்கு.

மச்சான் என் மனைவியின் அண்ணன். அவர்கள் அளம்பில் கடற்கரையில் பிறந்த கத்தோலிக்கக் குடும்பம். என்னுடையது குடாநாட்டிலிருந்து கிளிநொச்சிக்குக் காணி கிடைத்து வந்த சைவக் குடும்பம். மனைவி இறந்து முப்பத்தோராம் நாள் நினைவுச் சடங்குக்கு ஒரு கைப்பையோடு வந்தவர் திரும்பிப் போகவில்லை. இருங்கள் என்று நான் சொன்னதுமில்லை, இருக்கிறேன் என்று அவர் சொன்னதுமில்லை. அவரும் மனைவியை இழந்தவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருக்கு ஒரு மகள், கனடாவில்.

இரண்டு நாட்களுக்கு முன்னர் அந்த மகள் எனக்குத் தொலைபேசி எடுத்திருந்தாள்.

"மாமா, அப்பான்ர விசா வந்திட்டுது. மெடிக்கல் றிப்போட்டுக்குக் காலம் முடியிறதுக்கு முதல் வந்து இறங்க வேணும். கேட்டால், பாப்பம் பாப்பம் எண்டுறார். நீங்கள் சொன்னால்தான் கேப்பார்."

சொல்லுகிறேன் என்றேன். சொல்லவில்லை. காலையில் தேநீர் குடிக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன், பிறகு மாலையில் என்று நினைத்தேன். அவர் போனால் அந்த வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். பல வருடம் பத்திரிகையில் பிறர் எழுதியதை வெட்டிச் சுருக்கியவன் நான்; இந்த விடயம் ஒரு வரிக்கு மேல் நீளாது என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வரியைத்தான் இரண்டு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

முதல்நாள் இரவுச் சாப்பாட்டின்போது மச்சான், நாளைக்கு அளம்பில் தாண்டி நாயாறு வரை ஒருக்கால் போய் வருவோம் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கார் சிறியது. யப்பானில் யாரோ சில வருடம் ஓடிவிட்டு விற்றது. பெற்றோலுக்கு வரிசையில் படுத்துக் கிடந்த வருடத்துக்குப் பிறகு, இனி அந்த வரிசையில் நிற்பதில்லை என்று நானும் மனைவியும் முடிவெடுத்து வாங்கினோம். பெற்றோல் கார் முதலில் உறுமும், பிறகு யோசிக்கும், பிறகு நகரும். இது யோசிப்பதில்லை. பாதம் அக்சிலேற்றரில் பட்ட கணத்திலேயே மோட்டர் தன் முழு இழுவையையும் கொடுத்துவிடும். முதுகு ஆசனத்தோடு ஒட்டும். சத்தம் மட்டும் வராது.

பாதத்தை எடுத்தால் நடப்பது இன்னும் புதினம். அப்போது மோட்டர் எதிர்மாறாக வேலை செய்யும். உருண்டுகொண்டிருக்கும் சில்லுகள் மோட்டரைச் சுற்றும். அது சைக்கிள் டைனமோ போலக் கரண்டை உண்டாக்கிப் பற்றரிக்குத் திருப்பி அனுப்பும். அந்தச் சுமையில் கார் வேகம் குறையும். பிறேக்கைத் தொடாமலே சந்திக்குச் சந்தி ஓடலாம். ஆனால் காலைச் சடக்கென்று எடுத்தால் உள்ளே இருப்பவரின் தலை முன்னுக்குப் போகும். மனைவி அதில் ஏறிய முதல் கிழமையே சொல்லிவிட்டார்: "காலை மெல்ல எடுங்கோ. ஆரோ பின்னால நிண்டு சட்டையைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு." அதற்குப் பிறகு நான் பாதத்தை மெல்ல மெல்லத் தளர்த்தப் பழகினேன். அவர் அந்தக் காரில் ஏழெட்டு மாதம்தான் பயணம் செய்தார். பழக்கம் என்னிடம் தங்கிவிட்டது.

மச்சானின் பழக்கம் வேறு. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, வன்னிக்குள் பெற்றோல் வராதபோது, பழைய இங்கிலீசுக் கார் ஒன்றை மண்ணெண்ணெயில் ஓட்டியவர் அவர். எஞ்சின் பற்றுவதற்கு மட்டும் ஊசி மருந்துச் சிறிஞ்சால் கொஞ்சம் பெற்றோல் பீச்சுவார். பற்றிய பிறகு மண்ணெண்ணெய். அளம்பிலிலும் நாயாற்றிலும் ஏற்றிய மீனை, உமிக்குள் பொத்திவைத்த ஐஸ்கட்டியோடு கிளிநொச்சிக்குக் கொண்டுவருவார். பாலத்துச் சரிவு, குளக்கட்டிலிருந்து இறங்கும் இடம், சந்திக்கு முன்னுள்ள கடைசி நூறு மீற்றர் என்று கார் தானாக உருளக்கூடிய இடமெல்லாம் எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் விடுவார். வன்னி தட்டையான நிலம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மச்சானிடம் கேட்டால் அது முழுக்க இறக்கம்.

நியூட்ரலுக்குத் தள்ளிப் பழகிய அந்தக் கை இன்னும் அப்படியே இருந்தது. எங்கள் காரில் கியர் தடி இல்லை, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குமிழ்தான் இருக்கிறது. சரிவு கண்ணில் பட்டதும் அவருடைய இடது கை அதைப் பிடித்து நியூட்ரலுக்குத் தள்ளிவிடும். நியூட்ரலில் மோட்டர் எதையும் எடுப்பதில்லை; எதையும் திருப்பிக் கொடுப்பதுமில்லை. வீதி வெறுமையாக இருந்து கார் தானாக ஓய்ந்து நின்றால் அதில் நட்டமில்லை. ஆனால் எங்கள் வீதிகளில் எதுவும் தானாக ஓய்வதில்லை. மாடு குறுக்கே நிற்கும், அறுவடை முடிந்தால் பாதி வீதியில் நெல் காயும், வேகத்தடை வரும். கடைசி நேரத்தில் அவர் பிறேக்கை மிதிப்பார். பற்றரிக்குத் திரும்பியிருக்க வேண்டிய கரண்ட் பிறேக் தட்டில் சூடாகிப் போய்விடும். சேமிக்கிறேன் என்று நினைத்து அவர் செலவழித்துக்கொண்டிருந்தார்.

ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"உருளேக்க ஏன் மச்சான் அதுக்குச் சாப்பாடு குடுப்பான்?" என்றார்.

அப்போது அது சாப்பிடவில்லை, சமைக்கிறது என்றேன்.

"அப்ப குசினிக்கும் ஒரு லைசன்ஸ் எடும்," என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அதற்கு மேல் நான் அதைப்பற்றிப் பேசவில்லை. வீட்டில் இருவரும் பேசாமல் விட்ட பல விடயங்களோடு அதுவும் சேர்ந்துகொண்டது.

கராஜ்காரர் ஒருநாள் முன்சில்லைக் கழற்றிவிட்டு எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்த வகைக் கார்களுக்குப் பிறேக் பாவிப்பு குறைவு; தட்டுகள் துருப்பிடித்துத்தான் தன்னிடம் வரும் என்றார். எங்களுடையது மினுக்கிய சில்வர்ப் பானைபோல இருந்தது. ஆர் ஐயா ஓடுறது என்று கேட்டார். மச்சான் பாராட்டு என்று எண்ணிக் கையை உயர்த்தினார்.

அன்று வெளிக்கிடும்போது, ஓடக்கூடிய தூரம் நூற்றுப் பதினெட்டுக் கிலோமீற்றர் என்று கார் காட்டியது. நாயாற்றுக்குப் போய்த் திரும்ப அது போதாது. அளம்பிலில் மச்சானுக்குத் தங்கை முறையான சின்னையா மகள் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டில் சில மணித்தியாலம் செருகி வைத்தால் திரும்பலாம் என்பது திட்டம். வெளிச்சம் இருக்கும்போதே திரும்ப வேண்டும். எதிரே வரும் விளக்குகள் மச்சானின் கண்ணுக்கு ஒத்துக்கொள்வதில்லை. நான் ஓட்டுகிறேன் என்றால் அவர் காது கேட்காதவர்போல இருந்துவிடுவார்.

பரந்தன் சந்தியில் வலப்பக்கம் திரும்பினோம். தருமபுரம் தாண்டியதும் நெல் தொடங்கியது. இடப்பக்க வீதி முழுக்கப் பாய்போல விரித்து, ஓரத்தில் கல்லும் மரக்கொப்பும் வைத்திருந்தார்கள். ஒரு பெண் காலால் நெல்லைக் கிளறியபடி நடந்தார். கார் பின்னால் வந்து நின்றது அவருக்குத் தெரியவில்லை. மச்சான் ஹோர்ன் அடிக்காமல் காத்திருந்தார். அந்தப் பெண் விலகியதும் மச்சான் அக்சிலேற்றரை மிதித்தார். தலை பின்னுக்குப் போனது. சற்றுத் தூரத்தில் மாடுகள் நின்றன. குமிழ், நியூட்ரல், பிறேக். மறுபடி அக்சிலேற்றர். விசுவமடுவுக்கு வருமுன்பே, நாங்கள் ஓடிய தூரத்தைவிடக் கூடுதலாகத் திரையின் எண் குறைந்திருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

அளம்பிலை நிற்காமல் கடந்து நேரே நாயாற்றுக்குப் போனார். பாலத்தருகே காரை நிறுத்தி இறங்கினோம். களப்புக்கும் கடலுக்கும் நடுவே மணல் மூடியிருந்தது. களப்புப் பக்கம் தண்ணீர் அசையவில்லை. வீச்சுவலையைத் தோளில் போட்டபடி ஒருவர் வந்தார். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். காரைப் பார்த்தார், எங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார்.

"காணி பாக்க வந்தனீங்களோ?"

இல்லை, நான் அளம்பில் ஆள் என்றார் மச்சான். அளம்பிலில் யார் என்று அவர் கேட்க, மச்சான் தகப்பனின் பெயரைச் சொன்னார். பிறகு தன் பெயரையும், தான் ஓடிய காரின் நிறத்தையும் சொன்னார். அந்த மனிதர் மரியாதையாகக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எனக்கு முந்தின ஆக்களாக்கும்," என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார்.

மச்சான் வலை விரிந்து விழுவதை இரண்டு தரம் பார்த்தார். மூன்றாம் தரத்துக்கு நிற்கவில்லை.

அளம்பிலில் அந்தத் தங்கை படலையைத் திறந்து காரை உள்ளே விட்டார். மச்சானின் காணி பக்கத்து வளவு. சில தென்னையும் ஒரு கிணறும் இருந்தன, வீடு இல்லை. வயரை எடுத்துக்கொண்டு நான் குசினிக்குள் போனதைப் பார்த்துத் தங்கை பின்னாலேயே வந்தார்.

"எங்கட வீட்டுக் கரண்டைக் குடிக்கவோ அத்தான் கிளிநொச்சியில இருந்து வந்தனீங்கள்? காருக்கு ஒரு பாயையும் போட்டு விடவோ, மத்தியானம் படுத்தெழும்ப?"

பழைய வயர், சூடாகிறதா என்று இடைக்கிடை தொட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். காய்ச்சல்காரனுக்குப் பார்க்கிற மாதிரியோ என்று கேட்டு அவர் சிரித்தார். ஆனால் பிறகு நான் போகும் முன்பே அவர் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, இல்லை என்று தலையாட்டுவார்.

மத்தியானம் திரளி மீன் குழம்பும் சொதியும் சாப்பிட்டோம். கை கழுவி வந்து கதிரைகளில் உட்கார்ந்தபோது மின்விசிறி மெதுவாகி நின்றது. காரின் கண்ணாடிக்குப் பின்னால் சிமிட்டிக்கொண்டிருந்த நீல விளக்கும் அணைந்தது. கரண்ட் போய்விட்டது. விசிறியின் இரைச்சல் ஓய்ந்ததும் அதுவரை கேட்காத கடல் கேட்டது.

தங்கை வாசல்படியில் உட்கார்ந்தார்.

"அண்ணை, பிள்ளை எனக்கும் போன் எடுத்தவள். போறியளோ, இல்லையோ?"

மச்சான் காரைப் பார்த்தார். "இவரைக் கேள். இவர்தான் எவ்வளவு ஓடும், எவ்வளவு ஓடாது எண்டு கணக்குப் பாக்கிறவர்."

தங்கை என்னைப் பார்த்தார். மச்சான் என் பக்கம் திரும்பவில்லை.

"பிள்ளை உம்மோட கதைச்சது எனக்குத் தெரியும்," என்றார். "ரெண்டு நாளாப் பாத்துக்கொண்டிருக்கிறன். நீர் வாய் திறக்கேல்லை."

குசினி வாசலிலிருந்து கார் வரை வயர் மணலில் கிடந்தது. ஒரு கோழி அதைக் கொத்திப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனது.

"போங்கோ மச்சான்," என்றேன்.

அவர் கதிரையை என் பக்கம் திருப்பினார்.

"யோசிச்சோ சொல்லுறீர்?"

"ஓம்."

"நீர் என்ன செய்வீர்?"

"காரை வைச்சு ஓடிக்கொண்டிருப்பன்."

"எங்க?" என்று கேட்டார்.

பகடியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சந்தைக்கு, தபால் கந்தோருக்கு, மனைவியை அடக்கம் செய்த சேமக்காலைக்கு என்று இடங்கள் மனதில் வந்தன. எல்லாம் ஒரு சுற்றுக்குள் அடங்கும் தூரம். தங்கை எழுந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். கழுவும் சத்தம் தேவைக்கு மேல் நேரம் கேட்டது.

கரண்ட் வந்தபோது நாங்கள் கணக்குப் பார்த்த நேரத்தில் பெரும் பகுதி போய்விட்டது. வெளிக்கிட வேண்டிய வேளையில் கார் அறுபத்துமூன்று காட்டியது. வீட்டுக்கு அறுபத்தெட்டுக் கிலோமீற்றர். நின்று காலையில் போகும்படி தங்கை சொன்னார். ஒன்றுக்கு இரண்டு தரம் சொன்னார். மச்சான் பக்கத்து வளவின் தென்னைகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, இல்லை, போய் வருகிறோம் என்றார். ஒரு பொதி கருவாடு பின் ஆசனத்தில் ஏறியது. கனடாவுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள், இருக்கும்வரைக்கும் சாப்பிடுங்கோ என்று அவர் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மச்சான் ஸ்ரியரிங்கில் உட்கார்ந்து குமிழைப் பார்த்தார்.

"அப்ப நீர் சொன்ன மாதிரி ஓடிப் பாப்பம்," என்றார்.

காரை நகர்த்தியதும் இடது கையை எடுத்துத் தன் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு கையால் ஓட்டினார். முதலில் அக்சிலேற்றரை மிதிக்கும் விதம் மாறியது. இழுவை ஒரே குத்தாக வராமல் படிப்படியாக வந்தது. தலை பின்னுக்குப் போகவில்லை. சிலாவத்தையில் ஒரு வேகத்தடை தெரிந்ததும் தோள் அசைந்தது. கை தொடைக்குக் கீழிருந்து பாதி வெளியே வந்து மறுபடி உள்ளே போனது. அதற்குப் பதிலாக அவர் பாதத்தைத் தளர்த்தினார். கார் தானாக மெதுவாகி, தடையில் ஏறி இறங்கியது. திரையில் கரண்ட் திரும்பி வருவதைக் காட்டும் சிறிய பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எரிந்தன. வட்டுவாகல் பாலத்தில் எதிரே வந்த லொறிக்கு வழிவிட நின்றபோதும் கடைசிச் சில அடிகளுக்கு மட்டும்தான் பிறேக் தேவைப்பட்டது. பாதத்தை அவர் என்னைவிட மெதுவாகவே எடுத்தார். என் தலை ஒருமுறைகூட முன்னுக்குப் போகவில்லை.

புதுக்குடியிருப்புக்கு முன்னால் ஒரு மாட்டுக்கூட்டம் வீதியைக் கடந்தது. வெகு தூரத்திலேயே பாதத்தைத் தளர்த்தி, மாடுகள் போய் முடியும்வரை ஊர்ந்தார். எண் நாற்பத்துநான்கிலிருந்து நாற்பத்தைந்தானது.

"கூடியிட்டுது," என்றார்.

"ஓம்."

கொஞ்சத் தூரம் போன பிறகு கேட்டார்: "இதை ஏன் நீர் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"சொன்னனான்."

"ஒருக்காத்தானே சொன்னனீர்."

பரந்தனுக்கு வருமுன் எண் மறைந்து, அதன் இடத்தில் மூன்று சிறு கோடுகள் வந்தன. இனி எவ்வளவு தூரம் என்று சொல்லக் காருக்கே தெரியாது. ஏ-ஒன்பது வீதியில் ஓரமாக, சைக்கிளைவிடக் கொஞ்சம் கூடிய வேகத்தில் போனோம். பின்னால் வந்த பஸ்கள் ஹோர்ன் அடித்து விலத்திப் போயின. கார் நிற்காமல் போகவேண்டும் என்று எவரும் விரும்புகிற நேரம் அது; நான் அவ்வளவாக விரும்பவில்லை. நான் திரையைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். தண்டவாளத்துக்கு அப்பால் சூரியன் இறங்கிவிட்டது. வெளிச்சம் இன்னும் இருந்தது.

வீட்டு முற்றத்தில் நிறுத்தியதும் மச்சான் இடது கையை வெளியே எடுத்து உதறினார். விரல்களை மடித்து நீட்டிப் பார்த்தார்.

"விறைச்சுப் போச்சு," என்றார்.

நான் இறங்கி வயரைச் செருகினேன்.

அடுத்த மாதம் அவர் போனார். விமான நிலையம் அந்தக் கார் ஓடும் தூரத்தில் இல்லை. வேறு பயணிகளோடு வந்த வான் ஒன்று வாசலில் நின்று ஏற்றிக்கொண்டது. வந்தபோது கொண்டுவந்த அதே கைப்பையோடு ஒரு புதுச் சூட்கேசும் இருந்தது. சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தைக் கேட்டு வாங்கி ஏறினார். சந்தியில் திரும்பும்போது வானின் பிறேக் விளக்கு எரிந்ததைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பார். மகள் வைத்திருப்பதும் கரண்ட் கார்தானாம். ஓட விட மாட்டாளாம். ஒருநாள் பனி இல்லாத ஒரு பெரிய கடை வளவுக்குள் மட்டும் ஓட விட்டிருக்கிறாள்.

"எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன்.

"ஸ்ரியரிங் மற்றப் பக்கம்," என்றார். "இடது கைப்பக்கம் கதவுதான் மச்சான் இருக்கு."

நான் சந்தைக்குப் போய் வருகிறேன். மாதத்தில் ஒருமுறை சேமக்காலைக்குப் போகிறேன். பாதத்தை மெல்லத்தான் எடுக்கிறேன். ஒருமுறை நிறைத்தால் வெகு நாட்களுக்குப் போதுமாக இருக்கிறது.

போன கிழமை மழை விட்ட பிறகு காரைக் கழுவினேன். முன்சில்லின் இடைவெளியால் பிறேக் தட்டு தெரிந்தது. அது முழுக்கத் துருப்பிடித்திருந்தது.